நோய்நிலை உணர்த்தல்: இருமொழிச் செவிலியர் கல்வி எழுப்பும் அறக்கேள்வி

இந்தியாவில் செவிலியர் பட்டப்படிப்பின் பயிற்றுமொழி ஆங்கிலம். நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங், இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. நர்சிங், அதற்கு மேல் முனைவர் ஆய்வு என மூன்று நிலைகளிலும் பாடநூலும் தேர்வும் ஆய்வேடும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. அந்தப் படிப்பு யாருக்காக நடக்கிறதோ அந்த நோயாளி பேசுவது வேறு மொழி. வகுப்பில் ஒரு மொழி, வார்டில் ஒரு மொழி என்று வாழும் இந்தக் கல்வி, நடைமுறையில் எப்போதோ இருமொழிக் கல்வி ஆகிவிட்டது. பாடத்திட்டம்தான் அதை இன்னும் ஏற்கவில்லை. இதை நிர்வாகச் சிக்கலாக மட்டும் பார்ப்பது வழக்கம். ஆனால் இதற்கு அடியில் பழைய மெய்யியல் கேள்வி ஒன்று கிடக்கிறது. துன்புறுகிறவரின் மொழியை அறிவது பணிவிடைக்கு உதவும் கருவியா, பணிவிடையிலேயே ஒரு பகுதியா? கருவி என்றால், அது கைவசம் இல்லாதபோது வேறொன்றைத் தேடிக்கொள்ளலாம். சைகை, கைப்பேசி, பக்கத்துக் கட்டில்காரர் என எதுவும் ஆகும். பகுதி என்றால், அது இல்லாத இடத்தில் பணிவிடையே குறைப்பட்டுப் போகிறது. அப்போது அதைக் கற்பிக்காத பல்கலைக்கழகம் தன் கடமையில் ஒரு பங்கைச் செய்யாமல் விடுகிறது என்றே சொல்ல வேண்டும்.

இந்தக் கேள்வியின் கூர்மை எல்லை ஊர்களில் நன்றாகத் தெரியும். 2004 பிப்ரவரியில் தர்மபுரியிலிருந்து பிரிந்து உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது வேப்பனப்பள்ளி. ஒரு பக்கம் ஆந்திரத்தின் குப்பம்; இன்னொரு பக்கம் கர்நாடகத்தின் கோலார் மாவட்டம், அதில் 2001இல் மூடப்பட்ட தங்கச் சுரங்கங்கள். இங்கே வீட்டுமொழி தெலுங்காக இருக்கும், பள்ளியில் படித்தது தமிழாக இருக்கும், சந்தையில் கன்னடம் புழங்கும், பக்கத்துத் தெருவில் உருது கேட்கும். ஒரே குடும்பத்தில் பாட்டிக்குத் தெலுங்கு மட்டும், பேத்திக்குத் தெலுங்கும் தமிழும், பேத்தி கல்லூரிக்குப் போனால் ஆங்கிலமும் என்பது இந்தப் பகுதியில் வியப்பான செய்தி இல்லை. மேற்கே ஓசூர், சூளகிரி பக்கம் தொழிற்சாலைகள் பெருகிய பின் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் ஆட்களின் மொழிகளும் வந்து சேர்ந்தன. 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதற்கு முந்தைய ஆகஸ்டில், நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. மருத்துவமனைக்கு வருகிறவர் மருத்துவமனையின் மொழிக்கு ஏற்பத் தன்னைச் சற்று மாற்றிக்கொள்வார். வீட்டுவாசலில் நிற்கும் செவிலிக்கு அந்த வசதி இல்லை. அங்கே அவர்தான் விருந்தாளி. வீட்டின் மொழிதான் ஆட்சிமொழி.

பழைய நூல்கள் இந்தக் கேள்வியை நேராகக் கேட்கவில்லை. ஆனால் அதற்கான இடத்தை மிகத் துல்லியமாக விட்டு வைத்திருக்கின்றன. திருக்குறளின் 95ஆம் அதிகாரமான ‘மருந்து’, தன் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பங்கிடுகிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அதைப் பக்கத்தில் இருந்து கொடுப்பவர். செவிலி இங்கே மருத்துவரின் நிழலாக வரவில்லை. நான்கில் ஒரு கூறாகவே நிற்கிறார். பரிமேலழகர் உரை இந்த நான்கையும் மேலும் நந்நான்காக விரிக்கிறது. பணிவிடை செய்பவருக்கு அவர் கேட்பவை நோயாளியிடம் அன்பு, மனமொழிமெய்த் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் வல்லமை, அறிவு. நோயுற்றவருக்கு அவர் கேட்பவற்றுள் பொருள் வசதி, மருத்துவன் வழி நிற்றல், மருந்தின் துன்பம் பொறுத்தல் ஆகியவற்றோடு ‘நோய்நிலை உணர்த்தல்’ என்பதும் ஒன்று.

இதே அமைப்பு சரக சம்ஹிதையிலும் உண்டு. அதன் சூத்திர ஸ்தானத்தின் ஒன்பதாம் அத்தியாயம் மருத்துவன், மருந்து, பணிவிடையாளன், நோயாளி என்ற நான்கு கால்களைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு குணங்களை வகுக்கிறது. பணிவிடை முறை அறிதல், கைத்திறன், நோயாளியிடம் பற்று, தூய்மை ஆகியவை பணிவிடையாளனுக்கு உரியவை. நினைவாற்றல், சொன்னபடி நடத்தல், அஞ்சாமை, தன் நோயைத் தெரிவிக்கும் திறன் ஆகியவை நோயாளிக்கு உரியவை. பௌத்த விநயத்தின் மகாவக்கமும் இப்படி இரண்டு பட்டியல் தருகிறது. நல்ல நோயாளி, தன் நலம் நாடும் பணிவிடையாளரிடம் நோய் கூடுகிறதா, குறைகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதை உள்ளபடி சொல்ல வேண்டும். நல்ல பணிவிடையாளர் மருந்து தயாரிக்கத் தெரிந்தவர். எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று அறிந்தவர். ஆதாயம் கருதாமல் அன்பால் செய்பவர். மலத்தையும் வாந்தியையும் எடுக்க அருவருக்காதவர். தக்க நேரத்தில் அறவுரையால் நோயாளியைத் தேற்ற வல்லவர்.

மூன்று மரபுகளும் ஒன்றுபடும் இடம் இது: நோயைச் சொல்வது நோயாளியின் பொறுப்பு. அந்த நூல்களின் உலகத்தில் இது நியாயம். நோயாளியும் பணிவிடையாளரும் பெரும்பாலும் ஒரே வீட்டார், ஒரே ஊரார், ஒரே சங்கத்தார். சொன்னால் புரியும் என்பது அங்கே கேள்விக்கே வராத ஒன்று. தெலுங்கு மட்டும் பேசும் வேப்பனப்பள்ளி மூதாட்டியைத் தமிழ் மட்டும் தெரிந்த, தெற்கு மாவட்டத்திலிருந்து பணியமர்த்தப்பட்ட செவிலிமுன் கொண்டுவந்து உட்கார வைத்தால் அந்த அடித்தளம் நகர்ந்துவிடுகிறது. மூதாட்டிக்குத் தெரிவிக்கும் திறன் நிறையவே உண்டு. அதைப் பெற்றுக்கொள்ள எதிரில் ஆள் இல்லை. நோயாளியின் குணமாக மூன்று நூல்களும் வைத்த ஒன்று, கேட்பவரிடம் அதற்கு ஈடான ஒரு குணம் இல்லாமல் நிறைவேறவே முடியாது என்பது இங்கே வெளிப்படுகிறது. பரிமேலழகர் பட்டியலில் செவிலிக்கு ‘அறிவு’ என்று இருப்பதற்குள் இந்தக் கேட்கும் திறனையும் சேர்த்துப் படிப்பதே பொருத்தம். ஆக, உணர்த்தும் கடமையில் பாதி இடம் மாறிச் செவிலியிடம் வருகிறது. அவரிடம் வந்தால், அவரைத் தயார் செய்யும் கல்லூரியிடமும் வந்துதான் ஆக வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதுவும் சமயத்திலிருந்தே வருகிறது. லூக்கா நற்செய்தி சொல்லும் நல்ல சமாரியன் கதையில், அடிபட்டுக் கிடந்தவனோடு சமாரியன் ஒரு வார்த்தைகூடப் பேசியதாக இல்லை. காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்க்கிறான், கட்டுகிறான், தன் வாகனத்தில் ஏற்றுகிறான், சத்திரக்காரனிடம் பணம் கொடுக்கிறான். இனத்தாலும் வழிபாட்டாலும் வேறுபட்ட ஒருவனிடம் காட்டிய அந்த இரக்கத்துக்கு மொழி தேவைப்படவில்லை. கருணைக்கு மொழி கிடையாது என்ற பொது நம்பிக்கை இதையே சொல்கிறது. கையைப் பிடித்துக்கொள்ளும் செவிலியின் அன்பு எந்த மொழிக்காரருக்கும் புரியும் என்பதில் ஐயமில்லை. சாலை விபத்தில் வந்தவருக்கு இரத்தப்போக்கை நிறுத்துவதற்கும், மூச்சுத் திணறுகிறவருக்கு ஆக்சிஜன் வைப்பதற்கும் இலக்கணம் வேண்டியதில்லை.

ஆனால் சமாரியன் கண்டது கண்ணுக்குத் தெரிந்த காயம். இன்றைய செவிலிக்கு முன்னால் வருபவற்றில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாதவை: நாள்பட்ட நீரிழிவில் கால் மரத்துப்போவது, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு, மாத்திரையை நிறுத்திவிட்ட காரணம், கணவன் அடித்த செய்தி. இவை எல்லாம் சொல்லால் மட்டுமே வெளிவருபவை. அன்பு மட்டும் இருந்து மொழி இல்லாத செவிலி, தன் அன்பாலேயே ஏமாந்து போகலாம். அவர் கேட்கிறார், நோயாளி தலையாட்டுகிறார், இருவருக்கும் நிறைவு. தலையாட்டல் புரிந்ததற்கா, மரியாதைக்கா, பயத்துக்கா என்பது யாருக்கும் தெரியாது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859ஆம் ஆண்டின் தம் செவிலியர் குறிப்புகள் நூலில், பதிலைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்விகளை இதனால்தான் கடிந்துகொண்டார். நன்றாகத் தூங்கினாரா என்று கேட்டால் ஆமாம் என்றே பதில் வரும். எத்தனை மணி நேரம் தூங்கினார், இரவில் எந்தெந்த நேரத்தில் தூங்கினார் என்று கேட்டால்தான் உண்மை வரும். மொழி தெரியாத செவிலியால் கேட்க முடிவது பெரும்பாலும் முதல் வகைக் கேள்விதான். ஆம், இல்லை என்ற இரண்டு சொற்களுக்குள் ஒரு மனிதரின் நோயை அடைக்க வேண்டியதாகிறது.

இடையில் பேச உறவினர் இருக்கிறாரே என்பது அடுத்த சமாதானம். எல்லை ஊர் ஆஸ்பத்திரிகளில் இது நாள்தோறும் நடப்பதுதான். ஆனால் தாயின் வெள்ளைப்படுதலைப் பத்து வயது மகன் மொழிபெயர்க்கும்போது தாய் எதைச் சொல்வார், எதை விழுங்குவார் என்பதை யோசித்தாலே போதும். கணவன் இடையில் நின்றால் பெண் சொல்ல வேண்டியதில் முக்கியமானது வராமலே போகலாம். மருமகள் இடையில் நின்றால் மாமியார் தன் பசியைக்கூடச் சொல்ல மாட்டார். உறவினர் சொல்வது நோயாளியின் சொல் ஆகாது. அது குடும்பத்தின் சொல். குடும்பம் ஒப்புக்கொண்டதை மட்டும் அது சுமந்து வரும்.

மொழிக்கும் வலிக்கும் உள்ள உறவைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் கூர்ந்து யோசித்தவர் லூட்விக் விட்கன்ஸ்டைன். 1953இல், அவர் மறைவுக்குப் பின் வெளியான மெய்யியல் ஆய்வுகள் நூலில் அவர் காட்டும் வழி இது. வலி என்ற உள் பொருள் ஒன்று தனியே இருக்க, அதற்குக் குழந்தை பெயரொட்டக் கற்றுக்கொள்கிறது என்பது சரியான படம் இல்லை. குழந்தை விழுகிறது, அழுகிறது. பெரியவர்கள் அதனோடு பேசுகிறார்கள், சொற்களைத் தருகிறார்கள். அழுகை இருந்த இடத்தில் மெல்லச் சொல் வந்து உட்காருகிறது. வலிச்சொல் என்பது அழுகையின் வளர்ந்த வடிவம். இது உண்மை என்றால், முதலில் கற்ற மொழியின் வலிச்சொற்கள் உடம்போடு சேர்ந்து வளர்ந்தவை. பிறகு கற்ற மொழியின் வலிச்சொற்கள் அவற்றின் மேல் வைத்தவை. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், பிசைதல், இழுத்துப் பிடித்தல், விண்விண்ணென்று தெறித்தல் ஆகியவற்றுக்கு இடையிலான வேறுபாடு தமிழ் வீட்டில் வளர்ந்தவருக்கு விளக்கம் இல்லாமலே தெரியும். தெலுங்கு வீட்டுக்கும் கன்னட வீட்டுக்கும் அதேபோல் தனி வகைப்பாடு உண்டு. அது தமிழோடு ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. ஒரு சொல் நரம்பின் பக்கம் கைகாட்டும், இன்னொன்று குடலின் பக்கம். இவை இல்லாதபோது வார்டில் மிஞ்சுவது பூஜ்யம் முதல் பத்து வரை வலிக்கு மதிப்பெண் கேட்கும் முறை. எவ்வளவு என்பதை அது சொல்லும். எப்படிப்பட்டது என்பதைச் சொல்லாது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாநிரல், 78 சொற்களை 20 தொகுதிகளாக வகுத்தது இந்தக் குறையை உணர்ந்துதான். வலியின் தன்மை சொல்லில் இருக்கிறது, ஆகவே அளவீடும் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

தமிழ்ச் சமய மரபில் இதற்கு ஒப்பற்ற சான்று திருநாவுக்கரசர். பெரியபுராணம் சொல்லும் வரலாற்றில், சமண சமயத்தில் தருமசேனராக இருந்த அவரைச் சூலைநோய் பற்றுகிறது. அங்குள்ளவர்களின் சிகிச்சையும் மந்திரமும் பலிக்கவில்லை. அவர் திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் வருகிறார். தமக்கை திருநீறு அளித்துக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். அங்கே அவர் பாடிய முதற்பதிகம், வயிற்றுக்குள் குடலை முறுக்கும் வலியை இறைவனிடம் எடுத்துச் சொல்லும் முறையீடு. இறைவன் எல்லாம் அறிந்தவன் என்று நம்புகிறவர், அறிந்தவனிடம் ஏன் வலியை விவரிக்க வேண்டும்? பக்தி மரபு இந்தக் கேள்விக்குக் கொள்கையாகப் பதில் சொல்லவில்லை, பாடலாகவே சொல்லியிருக்கிறது. சொல்வது செய்தி கொடுப்பதற்கு மட்டுமன்று. சொல்லும்போதே துன்பப்படுகிறவர் துன்பத்துக்கு வெளியே ஓர் அடி எடுத்து வைக்கிறார். சொல்லி அழுதால் துக்கம் ஆறும் என்பது இதன் வீட்டுவழக்கு. அப்படியானால் கேட்பவருக்குப் புரியும் மொழியில் சொல்லக் கிடைப்பதே சிகிச்சையின் ஒரு பங்கு. முதலில் கேட்ட கேள்விக்கு, கருவி என்ற விடையைவிடப் பகுதி என்ற விடையே வலுப்படுகிறது.

சமயங்கள் மக்கள் மொழிக்குத் தந்த இடத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். தம் போதனையை வேத மொழி வடிவில் அமைக்கலாமா என்று இரு துறவிகள் கேட்டபோது புத்தர் மறுத்து, அவரவர் மொழியிலேயே கற்க விதித்தார் என்கிறது விநயத்தின் சுள்ளவக்கம். எந்தத் தூதரும் தம் மக்களின் மொழியிலேயே அனுப்பப்பட்டார் என்கிறது திருக்குர்ஆனின் 14ஆம் அத்தியாயம். அவர் அவர்களுக்குத் தெளிவாக விளக்க வேண்டும் என்பதே அதற்கு அது தரும் காரணம். அப்போஸ்தலர் பணிகள் நூலில் பெந்தெகொஸ்தே நாளன்று கூடியிருந்த ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் செய்தியைக் கேட்டனர். ஞானத்துக்கே இந்த நிபந்தனை என்றால், இன்சுலின் ஊசி போடும் முறைக்கு அது இன்னும் பொருந்தும்.

தமிழகத்தில் செவிலியர் கல்வி கிறித்தவ ஊழியத்தோடு பிணைந்து வளர்ந்தது. மிஷன் மருத்துவர் ஐடா ஸ்கடர் வேலூரில் நிறுவிய மருத்துவமனையில் 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கியது. 1946இல் அதே வேலூரிலும் தில்லியிலும் நாட்டின் முதல் பி.எஸ்சி. நர்சிங் வகுப்புகள் தொடங்கின. அடுத்த ஆண்டு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. மாநிலத்தின் செவிலியர் கல்லூரிகள் பின்னர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் வந்தன. ஆங்கிலம் பயிற்றுமொழியாக நின்றது பகையால் அன்று. நூல்கள் அதில் இருந்தன, ஆசிரியர்கள் அதில் படித்திருந்தனர், நாடு முழுதும் ஒரே தகுதி வேண்டியிருந்தது.

வேறு வழியும் ஒருமுறை சோதிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, இரண வைத்தியம், மகப்பேறு, வேதியியல் நூல்களைத் தம் மாணவரோடு சேர்ந்து தமிழாக்கினார். கலைச்சொல் உருவாக்கத்தில் அந்த உழைப்பு இன்றும் வியக்கத்தக்கது. ஆனால் தமிழில் மட்டும் படித்தவருக்கு அரசு வேலைக்கும் வெளியூர் வாய்ப்புக்கும் வழி குறுகியது; ஆங்கிலம் வேண்டும் என்று மாணவரே விரும்பினர். கிறீனின் அனுபவம் சொல்வது தெளிவு. நோயாளிக்கு நீதி செய்யும் மொழிக்கொள்கை, மாணவருக்கு அநீதி செய்வதாக ஆகிவிடக் கூடாது.

இன்றும் இதே எச்சரிக்கை பொருந்தும். சிறு விவசாயி வீட்டிலிருந்தும் தொழிற்சாலைக் கூலி வீட்டிலிருந்தும் வரும் பெண்ணுக்கு நர்சிங் பட்டம் குடும்பத்தையே தூக்கி நிறுத்தும் வாய்ப்பு. வளைகுடா, பிரிட்டன், அயர்லாந்து என்று விரியும் அந்த வாய்ப்பின் சாவி ஆங்கிலம். அதைப் பிடுங்கிக்கொண்டு தாய்மொழிப் பெருமையைக் கொடுப்பது அறம் ஆகாது. ஆகவேதான் ஒருமொழிக்குப் பதில் இன்னொரு மொழி என்ற தீர்வைவிட, இரண்டும் என்ற தீர்வு ஒழுக்க நோக்கில் மேலானது. வேலை தரும் நாடுகளே இதற்குச் சாட்சி. செவிலியாகப் பதிவு பெற ஜெர்மனி பொதுவாக பி2 அளவு ஜெர்மன் கேட்கிறது; பிரிட்டன் தன் செவிலியர் பதிவுக்கு ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி ஆங்கிலத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் கேட்கிறது. நோயாளியின் மொழி தெரியாதவர் நோயாளிக்கு ஆபத்து என்று அவை கருதுகின்றன. கிருஷ்ணகிரிப் பெண் ஜெர்மன் முதியவரின் கட்டிலருகே நிற்க ஜெர்மன் கற்றாக வேண்டும். வேப்பனப்பள்ளி முதியவரின் கட்டிலருகே நிற்கத் தெலுங்கு தெரியுமா என்று எந்தத் தேர்வும் கேட்பதில்லை. இரு முதியவர்களின் மதிப்பும் ஒன்று என்று கொண்டால் இந்த வேறுபாட்டை நியாயப்படுத்த வழியில்லை.

இளநிலைப் படிப்பில் இருமொழிக் கல்வி என்பதன் பொருள், பாடநூல்களை எல்லாம் மொழிபெயர்ப்பது என்று கொள்ள வேண்டியதில்லை. நர்சிங் கவுன்சில் 2021இல் திருத்திய பாடத்திட்டம் முதல் பருவத்திலேயே தகவல்தொடர்புக்கான ஆங்கிலத்தைத் தனிப்பாடமாக வைத்திருக்கிறது. அதற்கு இணையாக நோயாளி மொழியும் பாடமாக வேண்டும். நோய்வரலாறு கேட்பது, இன்சுலின் போடக் கற்றுத் தருவது, கெட்ட செய்தி சொல்வது, அறுவைக்குச் சம்மதம் பெறுவது, தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்பது ஆகியவை தமிழிலும், எல்லை மாவட்டங்களில் தெலுங்கிலோ கன்னடத்திலோ, செய்முறைத் தேர்வாக நடக்க வேண்டும். இது தமிழ் மாணவிக்கும் எளிதாக வந்துவிடும் என்று எண்ணக் கூடாது. வீட்டில் தமிழ் பேசுகிறவருக்கே ‘யூரினரி ரிடென்ஷன்’ என்பதை ஒரு கிழவரிடம் கூச்சமில்லாமல், கொச்சையில்லாமல் கேட்கப் பயிற்சி வேண்டும். எல்லைப் பகுதியில் வளர்ந்து தெலுங்கும் தமிழும் பேசும் பெண், மற்ற ஊர்க் கல்லூரியில் தன் தெலுங்கை மறைத்துக்கொள்வது நடக்கிறது. அதைத் தகுதியாகப் பதிவுசெய்து, அவர் ஊர்ப்பக்கப் பணிக்கு அதை ஒரு காரணமாகக் கொள்ளும் ஏற்பாடு, செலவு குறைந்ததும் பலன் நிறைந்ததும் ஆகும்.

முதுநிலையில் சிக்கல் வேறு வகையானது, ஆழமானது. எம்.எஸ்சி. மாணவி தன் ஆய்வேட்டுக்குக் கேள்வித்தாளை ஆங்கிலத்தில் எடுக்கிறார், தமிழாக்குகிறார், சரிபார்க்க மீண்டும் ஆங்கிலமாக்குகிறார், கிராமத்தில் தமிழில் கேட்கிறார், விடைகளை எண்ணாக்கி ஆங்கிலத்தில் எழுதுகிறார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2017 அறநெறிகளின்படி, ஒப்புதல் படிவம் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் இருந்தாக வேண்டும். ஆக இருமொழிப் பணி ஏற்கனவே நடக்கிறது. ஆனால் அந்தப் பயணத்தில் நோயாளி சொன்ன சொல் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. ஆய்வேட்டில் மிஞ்சுவது, வேறு நாட்டில் வகுத்த கேள்விக்கு இந்த ஊர் எத்தனை மதிப்பெண் வாங்கியது என்பது மட்டும். வேப்பனப்பள்ளிப் பெண்கள் பிரசவ வலியை எப்படி வகைப்படுத்துகிறார்கள், எந்தச் சொல்லைக் கேட்டால் மருத்துவமனைக்குப் போகலாம் என்று வீட்டார் முடிவு செய்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கும் ஆய்வுக்கு அங்கே இடமில்லை. இளநிலையில் மொழி இல்லாதது சேவைக் குறை. முதுநிலையில் அது அறிவின் குறை, ஏனெனில் கேள்விகள் பிறக்கும் இடம் அதுதான்.

உலகில் இதை நிறுவன அளவில் செய்து பார்த்தவர்கள் உண்டு. கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகம் செவிலியர் கல்வியை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நடத்துகிறது. அந்த நகரின் மான்ட்ஃபோர்ட் மருத்துவமனை ஒன்டாரியோவின் பிரெஞ்சு மொழிப் பயிற்சி மருத்துவமனை. அதை மூடவோ பெரிதும் சுருக்கவோ 1997இல் எடுத்த முயற்சி மக்கள் போராட்டத்துக்குப் பின் 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வீழ்ந்தது. சிறுபான்மை மொழியினரைக் காப்பது நாட்டின் அரசியலமைப்பில் உள்ளுறைந்த கொள்கை என்று நீதிமன்றம் கொண்டது. மருத்துவமனை மூடினால் அந்த மொழியில் மருத்துவர், செவிலியர் உருவாகும் இடமும் போய்விடும் என்பதையும் அது கணக்கில் எடுத்தது. பின்லாந்தின் வாசா நகரில், சுவீடிய மொழிச் சிறுபான்மையினரின் ஓபோ அகாடமிப் பல்கலைக்கழகத்தில், கேட்டி எரிக்சன் பணிவிடையை ஒரு தனி அறிவுத்துறையாக வளர்த்தார். துன்பத்தை அவர் மூன்றாகப் பிரித்தார்: நோயால் வரும் துன்பம், வாழ்க்கையால் வரும் துன்பம், பணிவிடையாலேயே வரும் துன்பம். தன் பேச்சு புரியாத வார்டில் கிடப்பது மூன்றாவது வகையைச் சேர்ந்தது. நோய் தராத அந்தத் துன்பத்தை மருத்துவமனை தருகிறது.

வேப்பனப்பள்ளிக்கு அருகிலேயே இதற்கான பொருள்கள் தயாராக உள்ளன. 1997இல் குப்பத்தில் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றைச் சேர்த்துக் கற்பிக்கவே பிறந்தது. அதே குப்பத்தில் மருத்துவக் கல்லூரி உண்டு. கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. எல்லைப் பகுதித் தெலுங்கு கடற்கரை ஆந்திரத் தெலுங்கு அன்று. இங்குள்ள கன்னடமும் மைசூர்க் கன்னடம் அன்று. பாடநூல் தெலுங்கில் மூதாட்டியிடம் பேசினால் அவர் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார், அவ்வளவே. வட்டார வழக்கின் உடல்சொற்களைத் தொகுத்துச் செவிலியர் கையேடாக்கும் பணியை ஒரு மொழியியல் துறையும் ஒரு செவிலியர் துறையும் சேர்ந்தால்தான் செய்ய முடியும். மாநில எல்லை அதற்குத் தடையாக இருக்கத் தேவையில்லை. நோயாளிகளுக்கு அந்த எல்லை ஒருபோதும் தடையாக இருந்ததில்லை.

எவ்வளவு மொழிகள் வரை இந்தக் கடமை நீளும் என்பது கடைசியாக எழும் கேள்வி. ஓசூர் வார்டில் ஒடியாவும் சந்தாலியும் பேசும் தொழிலாளிகள் வருகிறார்கள். எல்லா மொழியையும் எந்தச் செவிலியும் கற்க முடியாது. முடியாததைக் கடமை என்று சொல்வதில் பொருளில்லை. ஆனால் கவனத்தைக் கற்க முடியும். பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய்ல் 1942இல் எழுதிய கட்டுரை ஒன்றில், பள்ளிப்படிப்பின் உண்மைப் பயன் கவனம் என்ற ஆற்றலை வளர்ப்பதே என்றும், துன்பப்படுகிறவரை அவருக்கு என்ன நேர்கிறது என்று கேட்கும் வலிமை அந்தக் கவனத்திலிருந்தே வருகிறது என்றும் வாதிட்டார். இரண்டாவது மொழியை உழைத்துக் கற்ற செவிலிக்கு மூன்றாவது மொழிக்காரரிடமும் பொறுமை இருக்கும். புரியாததைப் புரிந்ததாகக் காட்டிக்கொள்ள அவர் அவசரப்பட மாட்டார். ஆனால் தனியாளின் கவனத்தோடு இது முடிவதில்லை. கழிச்சலால் தன் அழுக்கிலேயே கிடந்த துறவியைப் புத்தரும் ஆனந்தரும் கழுவிப் படுக்க வைத்த நிகழ்ச்சியைச் சொல்லும் மகாவக்கம், அதன்பின் கடமையை வரிசையாகப் பங்கிடுகிறது. உபாத்தியாயர் இருந்தால் அவர் பார்க்க வேண்டும். அவர் இல்லையென்றால் ஆசிரியர். அவரும் இல்லையென்றால் உடன் உறைபவர், மாணவர். யாருமே இல்லாதவனைச் சங்கம் முழுவதும் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் குற்றம் சங்கத்தின்மேல். மொழியாலும் யாருமற்றவர் உண்டு. ஓசூருக்கு வேலைக்கு வந்து காய்ச்சலில் விழுந்த சந்தாலித் தொழிலாளிக்கு வார்டில் பேச்சுத்துணை இல்லையென்றால், பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை வைப்பதும், அவர் பேசும் மொழியைக் கேஸ் ஷீட்டின் முதல் வரியில் எழுத வைப்பதும், அடுத்த ஆண்டு வகுப்பில் அந்த மொழி பேசும் மாணவருக்கு இடம் தருவதும் மருத்துவமனை, கல்லூரி, அரசு ஆகிய நிறுவனங்களின் பொறுப்பில் வருகின்றன.